நுழைவாயிலில் பேவர் கல்லை அகற்றிக் கான்கிரீட் தளம் இடுதல்

ஆந்திரம், தமிழகம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் கைகோக்கும் முனையில் அமைந்தது குப்பம். கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊர். இங்கு வெட்டப்படும் பசுமை நிறக் கருங்கல் ‘குப்பம் கிரீன்’ என்னும் பெயரோடு வெளிநாட்டுச் சந்தைகளிலும் விலைபோகிறது. கூரைக்கும் வேலிக்கும் திண்ணைக்கும் கற்பலகையையே பயன்படுத்திய பழைய வீடுகள் இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் இன்றும் உள்ளன. அத்தகைய ஊரிலும், அண்மைக் காலத்தில் கட்டப்பட்ட பல வீடுகளின் முகப்பில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் சிமெண்ட் பேவர் கற்கள் இடம்பிடித்துவிட்டன. முற்றத்தில் பதித்தவற்றை அப்படியே கதவைத் தாண்டி நுழைவறைக்குள்ளும் தொடர்ந்து பதித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. சில ஆண்டுகள் சென்றபின் அவற்றைப் பெயர்த்துவிட்டுக் கான்கிரீட் தளம் இடலாமா என்னும் கேள்வி எழுகிறது. அவ்வேலையை எப்போது செய்யலாம், எவ்வாறு செய்விக்க வேண்டும், எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பேவர் கல் ஏன் வீட்டிற்குள் நிலைப்பதில்லை

சிமெண்ட் பேவர் கல்லின் தாயகம் நெதர்லாந்து. அந்நாட்டில் தெருக்களுக்குச் செங்கல் பாவுவது மரபு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செங்கல்லுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, அதற்கு மாற்றாகச் சிமெண்டில் வார்த்த கற்கள் பரவலாயின. ஆக, இது பிறப்பிலேயே தெருவுக்கான பொருள். நம் நாட்டில் இதற்கான தர நிர்ணயம் ஐ.எஸ். 15658 ஆகும்.

பேவர் தளத்தில் கற்கள் ஒன்றோடொன்று ஒட்டப்படுவதில்லை. நன்கு இறுகிய அடித்தளம், அதன்மேல் ஏறத்தாழ 20 முதல் 40 மில்லிமீட்டர் மணற்படுகை, கற்களின் இடுக்குகளை நிறைக்கும் நுண்மணல், நாற்புறமும் அசையாத விளிம்புக் கட்டு ஆகிய நான்கும் சேர்ந்தே கற்களைப் பிடித்து நிறுத்துகின்றன. பதித்து முடித்தபின் அதிர்வுத் தகட்டு எந்திரத்தை மேலே ஓட்டினால்தான் மணல் இடுக்குகளில் ஏறிக் கற்கள் இறுகும்.

வீட்டிற்குள் இந்த ஏற்பாடு குலைகிறது. சுவரோரத்திலும் நிலைப்படியருகிலும் அதிர்வு எந்திரத்தை ஓட்ட இயலாது. பெரும்பாலும் கொத்தனார் மரச்சுத்தியலால் தட்டியே வேலையை முடித்துவிடுகிறார். வெள்ளிக்கிழமைதோறும் வாசலைக் கழுவிவிடும் நீர் இடுக்கு மணலைச் சிறிது சிறிதாக அரித்துச் செல்கிறது. எஞ்சியதை எறும்புகள் மேலே கொண்டுவந்து குவிக்கின்றன. மணல் வெளியேறிய இடத்தில் கல் ஆடுகிறது. ஆடும் கல்லின் அடியில் மேலும் மணல் நகர்கிறது. ஒரு மூலை தாழ்ந்தால் அடுத்த கல்லின் விளிம்பு தலைதூக்குகிறது. கோலமிடுவோருக்கு வேறொரு குறையும் உண்டு. தமிழில் கோலம் என்றாலும் தெலுங்கில் முக்கு என்றாலும், இடுக்கு நிறைந்த தரையில் இழை ஒழுங்காக ஓடுவதில்லை!

கோலக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். தலைதூக்கிய விளிம்பை அவ்வாறு விட்டுவிட முடியாது. வெளி வெயிலிலிருந்து அரையிருளான நுழைவறைக்குள் காலெடுத்து வைக்கும் முதியவருக்குக் கண் பழகச் சிறிது நேரம் ஆகும். அந்த நேரத்தில் அரை அங்குல மேடுகூடக் காலைத் தட்டிவிடப் போதுமானது. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால், அறுவை மருத்துவத்திற்கும் அதன்பின் நேரும் படுக்கைக்கும் ஆகும் செலவு நுழைவறைத் தரைச் செலவைப் போலப் பன்மடங்கு. அந்த இழப்பைப் பணத்தால் மட்டும் கணக்கிடவும் முடியாது.

முதலில் நோயை அறிதல்

கான்கிரீட் எல்லாக் குறைகளையும் மூடிவிடும் என்று நம்பி உடனே வேலையைத் தொடங்குவது தவறு. தாழ்ந்த இடத்தில் நான்கைந்து கற்களை மட்டும் பெயர்த்துப் பார்க்க வேண்டும். மணல் ஈரமாக இருந்தால், குழாய்க் கசிவோ மொட்டைமாடி நீர் வழியும் குழாயின் கோளாறோ காரணமாகலாம். அதனைச் சீர்செய்யாமல் இடப்படும் கான்கிரீட்டின் அடியிலும் மண் கரையும். அடிமண் நீங்கிய தளம் பின்னர் ஒரே நாளில் பிளந்து நிற்கும். மணல் உலர்ந்து பொடியாக, துளைகளோடு காணப்பட்டால் எறும்பின் வேலை என்று கொள்ளலாம். கரையான் மண்பாதை தென்பட்டால், மரநிலைக்கு அது ஏறியிருக்கிறதா என்றும் பார்த்து, பயிற்சி பெற்றோரைக் கொண்டு மருந்திட்ட பின்னரே அடுத்த பணி. கட்டி முடித்த வீடுகளுக்கான கரையான் தடுப்பு முறையை ஐ.எஸ். 6313 மூன்றாம் பகுதி வகுத்துள்ளது.

மணலுக்குக் கீழே உள்ள மண்ணையும் ஓர் இரும்புக் கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். கம்பி எளிதில் இறங்கினால், அடித்தளத்திற்கு நிரப்பிய மண் அன்றே இறுகவில்லை என்பது பொருள். சித்தூர் மாவட்டத்தின் செம்மண் நல்ல அடித்தளம் தரக்கூடியதே. ஆயினும் அரை அடிக்கு ஓர் அடுக்காக நிரப்பி, நீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்தால்தான் அக்குணம் வெளிப்படும். ஒரே நாளில் டிராக்டர் டிராக்டராகக் கொட்டி மட்டப்படுத்திய மண் பல மழைக்காலங்கள் வரை இறங்கிக்கொண்டேயிருக்கும்.

ஓரிடத்தில் மட்டும் தாழ்ந்திருந்து காரணமும் நீக்கப்பட்டுவிட்டால், அந்தப் பகுதியில் அடிமண்ணை இடித்துப் புது மணலிட்டுக் கற்களைத் திரும்பப் பதிப்பதே சிக்கனமான வழி. அடியில் செல்லும் குழாய்களை அடிக்கடி திறக்க வேண்டிய வீட்டிலும் பேவர் கல்லே பொருத்தம். கல்லைப் பெயர்த்து வேலை முடித்துத் திரும்ப வைத்துவிடலாம். கான்கிரீட்டை அவ்வாறு செய்ய முடியாது. நுழைவறை முழுதும் மேடுபள்ளமாகி, முதியோரும் குழந்தைகளும் நாள்தோறும் நடக்கும் வழியாகவும் இருந்தால் கான்கிரீட் தளமே தக்கது என்பது எமது கருத்து.

தரைக்குக் கீழே என்ன இருக்கிறது?

இக்கேள்விக்கு விடை தெரியாமல் மண்வெட்டியை எடுக்கக் கூடாது. இப்பகுதியில் பல வீடுகளில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி முன்வாசலின் கீழ்தான் அமைந்திருக்கும். நுழைவறையின் ஒரு பகுதி தொட்டியின் மூடுபலகத்தின் மீது அமைந்திருந்தால், அங்கே கூடுதலாக ஏற்றும் பாரம் தரைமேல் நில்லாது. பலகம் தாங்க வேண்டும். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2,400 கிலோ. நான்கு அங்குலத் தளம் சதுர மீட்டருக்கு 240 கிலோவாகிறது. அதனை அப்பலகம் தாங்குமா என்பதைக் கட்டடப் பொறியாளர்தான் கூற முடியும்; மேஸ்திரியின் அனுபவத்திடம் அதை விட்டுவிடலாகாது.

குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்சார நிலத்தொடர்புக் குழி ஆகியவற்றின் தடத்தை ஒரு தாளில் வரைந்து, சுவரிலிருந்து எத்தனை அடி என்று குறித்துக்கொள்ளுதல் நன்று. மூடும் முன் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது பிற்காலத்தில் பெரிதும் உதவும். இன்று தேவையில்லை என்று தோன்றினாலும், சுவருக்குச் சுவர் ஒரு பி.வி.சி. வெற்றுக் குழாயைத் தளத்தின் அடியில் புதைத்துவிட வேண்டும். நாளை ஒரு மின்கம்பியோ இணையக் கம்பியோ செல்ல நேர்ந்தால் புதுத் தளத்தை உடைக்க வேண்டியிராது. கழிவுநீர் ஆய்வுத் தொட்டியின் மூடியைத் தளத்திற்கு அடியில் புதைத்துவிடுவோரும் உண்டு. அடைப்பு நேரும் நாளில்தான் அதன் விலை தெரியும்.

மட்டமும் ஆழமும்

முடிந்த தரையின் மட்டம் எங்கே வரவேண்டும் என்பதை முதலிலேயே சுவரில் கோடிட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு நீர் நிறைந்த லெவல் டியூபே போதும். கதவின் அடிப்பகுதி உரசாமலும், கூடத்துத் தரைக்கும் நுழைவறைக்கும் இடையே கால் தட்டும் படி உருவாகாமலும் இக்கோடு அமைய வேண்டும். சக்கர நாற்காலி பயன்படுத்துவோர் வீட்டிலிருந்தால், படிக்குப் பதிலாகச் சரிவு அமைக்க இதுவே தருணம். 1 அங்குல உயரத்திற்கு 12 அங்குல நீளம் என்பது ஏற்கப்பட்ட சரிவளவு. உள்ளிருந்து வாசலை நோக்கி 100-க்கு 1 என்னும் மெல்லிய வாட்டம் தந்தால் கழுவும் நீர் தேங்காது.

இனி ஆழக் கணக்கைப் பார்ப்போம். 60 மில்லிமீட்டர் பேவர் கல்லும் 30 மில்லிமீட்டர் மணலும் அகன்றால் நமக்குக் கிடைக்கும் பள்ளம் 90 மில்லிமீட்டர் மட்டுமே. தேவைப்படுவதோ கிராவல் அல்லது உடைகல் அடுக்கு 100, கான்கிரீட் 100, மேலே கருங்கல் பதிப்பதாயின் கலவையோடு சேர்த்து 40. ஆக மொத்தம் 240 மில்லிமீட்டர். எஞ்சிய 150 மில்லிமீட்டர், அதாவது அரை அடி, மண்ணைத் தோண்டியெடுக்க வேண்டும். இந்தக் கணக்கைச் செய்யாமல் கல்லை எடுத்த பள்ளத்திலேயே கான்கிரீட்டைக் கொட்டுவதால்தான் பல வீடுகளில் தளம் மெலிந்து போகிறது. அல்லது தரை உயர்ந்து கதவை அறுக்க நேர்கிறது.

கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய பழைய சுவர்களின் அடித்தளம் ஆழமற்றதாக இருக்கக்கூடும். அவ்வாறான வீட்டில் சுவரோரமாக முழு நீளத்தையும் ஒரே நாளில் தோண்டித் திறந்துவிடாமல், பகுதி பகுதியாகத் தோண்டி நிரப்புவதே பாதுகாப்பு. மழைக்காலத்தில் இவ்வேலையைத் தொடங்காதிருப்பது மேலும் நல்லது. பெயர்த்த பேவர் கற்களைக் குப்பையாக்க வேண்டியதில்லை. முற்றத்திலோ கிணற்றடியிலோ அவை மீண்டும் பயன்படும்.

தளம் இடுதல்

தோண்டிய மண்ணின் அடியை நீர் தெளித்து இடித்தபின், கிராவலை இரண்டு அடுக்காகப் பரப்பி இறுக்க வேண்டும். அதன்மேல் 250 மைக்ரான் பாலித்தீன் விரிப்பு. நிலத்தின் ஈரம் மேலேறுவதை அது தடுக்கும். புதுக் கான்கிரீட்டின் நீரை மண் உறிஞ்சிக்கொள்வதையும் தடுக்கும். சுவரைச் சுற்றிலும் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் கனமுள்ள மெத்தென்ற பட்டையை நிறுத்தினால், தளம் சுவரோடு ஒட்டாது தனித்து நின்று சுருங்கி விரியும்.

பத்தடி நீளம், ஆறடி அகலம் கொண்ட நுழைவறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பரப்பு 60 சதுர அடி. 100 மில்லிமீட்டர் கனத்திற்கு 0.56 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். 1 பங்கு சிமெண்ட், 1½ பங்கு மணல், 3 பங்கு ஜல்லி என்னும் எம்-20 கலவைக்கு நாலரை மூட்டை சிமெண்ட், 8¼ கன அடி மணல், 16½ கன அடி ஜல்லி ஆகும். கையால் கலக்கும்போது பத்து விழுக்காடு சிமெண்ட் கூட்டவேண்டும் என்பது விதி. ஆகவே ஐந்து மூட்டை. மூட்டையின் மேல் அச்சிட்டுள்ள வாரத்தையும் ஆண்டையும் பார்த்து, மூன்று மாதத்திற்கு மேற்பட்ட சிமெண்டைத் தவிர்க்க வேண்டும்.

நீரின் அளவுதான் இவ்வேலையின் உயிர்நிலை. எம்-20 கலவைக்கு ஒரு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் நீர் கூடாது என்று ஐ.எஸ். 456 கூறுகிறது. மணலில் ஏற்கெனவே உள்ள ஈரமும் இதில் அடக்கம். கூழ்போல் ஓடும் கலவையைப் பரப்புவது எளிது என்பதால் சித்தாள்கள் குடத்தால் நீரைச் சரித்துவிடுவர். மிகுதியான நீர் ஆவியாகி வெளியேறும்போது கான்கிரீட்டில் நுண்துளைகளை விட்டுச் செல்கிறது, வலுவும் குன்றுகிறது. வாடிக்கையாளர் ஒரு நாள் மட்டுமே உடனிருக்க முடியும் என்றால், கலவை போடும் அந்த நாளில் ஓர் அளவு வாளியோடு உடனிருப்பாராக.

மண்மேல் அமரும் தளத்திற்குக் கம்பி இன்றியமையாததன்று. இரவில் இருசக்கர வண்டியை உள்ளே நிறுத்தும் வீடாயின், 8 மில்லிமீட்டர் கம்பியை ஏழெட்டு அங்குல இடைவெளியில் வலைபோல் கட்டலாம். அவ்வலை தளத்தின் மேல் மூன்றிலொரு பங்கில் இருந்தால்தான் விரிசலை இறுக்கிப் பிடிக்கும். பாலித்தீனின் மேல் படுத்துக் கிடக்கும் கம்பி பணத்தைப் புதைத்ததற்கு ஒப்பாகும். ஆகவே கவர் பிளாக் வைத்துத் தூக்கி நிறுத்தச் சொல்ல வேண்டும்.

கான்கிரீட் உலரும்போது சுருங்கும். சுருங்கினால் விரியும் இடம் தேடும். அந்த இடத்தை நாமே அமைத்துத் தருவது அறிவுடைமை. கான்கிரீட் தரையைப் பலகங்களாகப் பிரிக்கும்போது எப்பக்கமும் 2 மீட்டரை மீறாமலும், நீளம் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கை மீறாமலும் இருக்கவேண்டும் என்பது மத்தியப் பொதுப்பணித் துறை பின்பற்றும் நெறி. நமது பத்துக்கு ஆறடி அறையை நடுவில் ஒரு கண்ணாடிப் பட்டையிட்டு ஐந்துக்கு ஆறடியாக இரண்டாகப் பிரித்தால் இந்நெறி நிறைவேறிவிடும்.

மேற்பரப்பைச் சமன்செய்யும்போது மேலே ஊறிவரும் நீரை உறிஞ்சுவதற்காக உலர்ந்த சிமெண்டைத் தூவும் பழக்கம் எங்கும் உண்டு. அன்று பளபளக்கும் அப்பரப்பு பின்னர் வலைபோல் வெடித்துப் பொடியாக உதிரும். ஊறிய நீர் தானே வற்றும்வரை பொறுத்திருந்து, பின் மணியாசுக் கட்டையால் தேய்ப்பதே முறை.

நீராற்றுதலும் மேற்பூச்சும்

கொத்தனார்கள் ‘கியூரிங்’ என்று கூறும் நீராற்றுதலை மூன்று நாளில் முடித்துக்கொள்வோர் பலர். சாதாரணச் சிமெண்டிற்குக் குறைந்தது 7 நாள், வெப்பமும் வறட்சியும் மிக்க பருவத்தில் 10 நாள், சாம்பலோ கசடோ கலந்த சிமெண்டாயின் 14 நாள் வரை என்பது ஐ.எஸ். 456 தரும் கணக்கு. இன்று சில்லறைக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. எனப்படும் சாம்பல் கலந்த சிமெண்டே. எனவே பதினான்கு நாள் என்றே கொள்க. நனைந்த சாக்கை விரித்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்நாள்களில் பின்வாசல் வழியே புழங்குவதற்கு வீட்டார் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மூன்றாம் நாள் மெல்ல நடக்கலாம். வண்டியைப் பதினான்கு நாளுக்குப் பின் ஏற்றுவது நலம்.

மேலே என்ன பூசுவது என்பது அவரவர் விருப்பம். கான்கிரீட் இறுகுமுன் அன்றே காவி நிற ஆக்சைடு பூச்சிட்டுத் தேய்த்த தரை, தென்னாட்டின் பழைய வீடுகளில் இன்றும் கண்ணாடிபோல் மின்னுகிறது. ஆனால் அத்திறன் வாய்ந்த கைகள் அருகிவருகின்றன. உள்ளூர்க் கருங்கல்லைப் பதிப்பதாயின், நுழைவாயிலுக்குப் பாலிஷ் செய்த கல் வேண்டா. மழைக்காலின் ஈரச் செருப்பு அதில் வழுக்கும். தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கல்லை அறுவைக் கூடங்களில் கேட்டு வாங்குக. கல்லை அறுக்கும்போது எழும் சிலிக்காத் தூள் நுரையீரலைக் கெடுக்கும் என்பதைக் கல்தொழில் சூழ்ந்த இவ்வட்டாரத்தாருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. நீர் ஊற்றியே அறுக்கச் செய்து, முகக்கவசமும் வாங்கித் தருக. ஈரச் சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும். வெறுங்காலோடு கலவையில் நிற்கும் சித்தாளுக்கு ஓர் இணை ரப்பர் காலணி வேலைச் செலவில் சேர்க்கத் தக்கதே.

பணத்தைப் பகுத்தளித்தல்

‘மொத்தமாக இவ்வளவு’ என்று பேசி முடிக்கும் ஒப்பந்தத்தில் சிமெண்ட் குறைவதும் கனம் மெலிவதும் கண்ணுக்குத் தெரியா. மேலே கண்ட அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு பெயர்த்தல், தோண்டுதல், கிராவல், கான்கிரீட், மேற்பூச்சு என்று தனித்தனியே விலை எழுதி வாங்குக. தளத்தின் கனத்தையும் கலவையின் தரத்தையும் அத்தாளில் குறிக்கச் செய்க. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டிற்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துள்ளது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் இதனை நினைவூட்டலாம்.

பணத்தை மூன்று தவணையாகக் கணக்கு வழியே செலுத்துவது நன்று. பொருள் வந்திறங்கியதும் ஒரு பகுதி, கான்கிரீட் இட்டபின் ஒரு பகுதி, எஞ்சியதை 28 நாள் கழித்துத் தருவதாக முன்பே பேசிக்கொள்க. கான்கிரீட்டின் வலுவை மதிப்பிடும் நாளும் அதுவே. அன்று தளத்தில் இரண்டு வாளி நீரை ஊற்றிப் பார்த்தால் தேக்கம் எங்கேயென்று தெரிந்துவிடும். குச்சியால் தட்டினால் அடியில் வெற்றிடம் உள்ள இடம் டொக்கென்று வேறு ஓசை தரும்.

இத்துணைச் சிறிய வேலைக்கெனத் தனியே கடன் பெறுவதை நாம் பரிந்துரைப்பதில்லை. சில மாதத் தொடர்வைப்பே போதுமானது. கூரை, குழாய், மின்கம்பி என முழு வீட்டையும் செப்பனிடும்போது இதனையும் சேர்த்து வீட்டுப் பழுதுநீக்கக் கடன் பெறுவது பொருளுடையது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 24(பி) பிரிவில், தாமே குடியிருக்கும் வீட்டின் பழுதுநீக்கக் கடனுக்குச் செலுத்தும் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு. அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தோர்க்கே. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரியதாதலால் பிரிவு எண்கள் வேறாகும். எந்த ஆண்டுக் கணக்கிற்கு எப்பிரிவு என்பதைத் தணிக்கையாளரிடம் உறுதிசெய்துகொண்டு, வங்கியின் வட்டிச் சான்றிதழோடு பொருள் வாங்கிய ரசீதுகளையும் சேர்த்து வைத்துக்கொள்க.